பதினாறாவது பேனல்

எழுபத்தெட்டு.

அவளுடைய லோடு ஆட்டோவின் முகப்பில் அந்த எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஒளிர்ந்ததோடு சரி... ஏறவில்லை. ஏற வேண்டிய மின்சாரம் பக்கத்தில் நின்ற மஞ்சள் ஸ்கூல் வேனுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள், யாரோ அவள் வண்டியிலிருந்து சார்ஜர் பிளக்கைக் கழற்றி அதில் மாட்டியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ... ஆள் அங்கேதான் நின்றான். தூறலில் நனைந்தபடி வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மழை பெய்யும்போது கண்ணாடி துடைக்கிற மனிதனை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

“இத யார் கழட்டினது?”

அவன் திரும்பினான். இமையில் இரண்டு மழைத்துளிகள். அதற்குக் கீழே, தப்பு செய்துவிட்டுக் கொஞ்சமும் பயப்படாத கண்கள்... சே, கண்ணைப் பார்க்கவா வந்தோம் என்று அவள் பார்வையைப் பிளக்கின் மேல் நகர்த்தினாள்.

“நான்தாங்க.”

“அந்த போர்ட படிச்சீங்களா? எண்பது சதவீதம் வந்தாதான் அடுத்தவங்க கழட்டலாம். எனக்கு எழுபத்தெட்டு.”

“ரெண்டுதானங்க குறையுது...”

“ரெண்டுன்னாலும் அது என்னோட ரெண்டு.”

“பதினெட்டு பிள்ளைங்க ரோட்டோரமா நனைஞ்சிட்டு நிக்கும். இங்க இருக்கிறதே ஒரு சார்ஜர். அதான் உங்களுக்கு போன் பண்ணேன். நம்பர் கண்ணாடியில ஒட்டியிருந்துது.”

“எனக்கு ஒரு போனும் வரல.”

“வந்துது. உங்க வண்டிக்குள்ளதான் அடிச்சுது. மூணு தடவ நானே கேட்டேன்.”

அவள் எட்டிப் பார்த்தாள். சீட்டின் மேல் அவளுடைய போன் ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது. இந்த மாதிரி மாட்டிக்கொள்ளும்போது சிலர் மன்னிப்புக் கேட்பார்கள், சிலர் குரலை உயர்த்துவார்கள். அவள் இரண்டாவது ரகம்.

“உங்க பேரு என்ன? நான் புகார் எழுதணும்.”

“வேன் அண்ணான்னு எழுதுங்க. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க.”

“நான் கூப்பிட மாட்டேன். எனக்கு வீட்டுல ஒரு அண்ணன் இருக்கான். அவனே ஜாஸ்தி.”

அவன் சிரித்துவிட்டான். “சரிங்க... நீங்க மட்டும் கூப்பிடாதீங்க.”

அதைச் சொன்ன விதம் அவளுக்குப் பிடித்துத் தொலைத்தது. அதனாலேயே கோபம் இன்னும் கூடியது. ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

கோபப்படுவதற்கு அவளுக்கு அந்த வாரம் வேறு காரணமும் இருந்தது. அவளும் அண்ணனும் சேர்ந்து சோலார் பேனல் மாட்டிக்கொடுக்கும் தொழில் நடத்துகிறார்கள். அண்ணனுக்கு மேஜையும் போனும். அவளுக்கு ஏணியும் கூரையும். கூரை மேல் நின்றால் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் பெண் கேட்டு வந்த மூன்று குடும்பமும் சொல்லிவைத்தாற்போல ஒரே வார்த்தைதான் சொன்னது. பொண்ணு பிடிச்சிருக்கு, கல்யாணத்துக்கு அப்புறம் கூரை ஏற வேண்டாம். மூன்று பேருக்கும் அவள் வாசலைக் காட்டினாள். மூன்றாவது ஆள் போன வாரம்தான் போனான். அண்ணன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு புது வீட்டில் வேலை. ஒரு அம்மா போனில் சொன்ன விலாசம். மழை விட்டு, வெயில் பளிச்சென்று அடித்தது. மாடிக்குப் போய் அவள் வேலையை ஆரம்பித்தாள்.

பேனல் மாட்டுவதற்கு முன் நிழலைப் பிடிக்க வேண்டும். ஒரு பேனல் மேல் நிழல் விழுந்தால், அதோடு சேர்ந்த வரிசை முழுவதும் சோர்ந்துபோகும். அதனால் ஒன்பது மணிக்கும், பன்னிரண்டுக்கும், மூன்றுக்கும் தரையில் விழும் நிழலைச் சுற்றி, மழைக்கும் அழியாத மஞ்சள் மெழுகுக்கட்டியால் கோடு போடுவாள். தண்ணீர்த்தொட்டி, கைப்பிடிச்சுவர், மாடிப்படி அறை... எதன் நிழலும் தப்பாது. கோட்டுக்கு உள்ளே விழும் இடத்தில் பேனல் கிடையாது. இது அவளுடைய சட்டம்.

ஒன்பதரைக்குப் படியேறி வந்த காலடிச் சத்தம் பாதியில் நின்றது.

“புகார் எழுத வீட்டுக்கே வந்துட்டீங்களா?”

அவள் குனிந்த நிலையிலேயே உறைந்துபோனாள். வாசலில் நின்ற மஞ்சள் வண்டியை ஏறும்போது எப்படிக் கவனிக்காமல் விட்டோம்... இல்லை, அப்போது வண்டி வந்திருக்கவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறான்.

“போன்ல பேசினது உங்க அம்மாவா?”

“ஆமா. தெனம் ஒன்றரை மணி நேரம் சார்ஜருக்கு வரிசையில நிக்கிறேன்னு அவங்களுக்குத்தான் தாங்கல.”

“அப்ப மூணு மணி வரைக்கும் உங்க வண்டி எங்க நிக்கும்?”

“வாசல்ல. சும்மா.”

“ஒன்பதுல இருந்து மூணு. வெயில் உச்சத்துல இருக்கிற நேரம் மொத்தமும் வண்டி வீட்டுல சும்மா நிக்குது... நீங்க அத விட்டுட்டு விடியக்காலைல ஊரைச் சுத்தி அடுத்தவங்க பிளக்கக் கழட்டிட்டு இருக்கீங்க.”

அவன் தலையைச் சொறிந்தான். அவளுக்கு உள்ளுக்குள் ஜில்லென்றிருந்தது.

பகல் பன்னிரண்டுக்கு அவன் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தான். கேட்கவே இல்லை, வந்து பிடித்தான். மூன்று மணிக்கு, பிள்ளைகளை அழைக்கக் கிளம்பும் முன், டம்ளரில் டீயோடு மாடிப்படி அறைச் சுவரில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டே இருந்தான். வேனில் ஏறினதும் தூங்கிவிடும் ஒரு வாண்டைப் பற்றி, டீசல் வேனை விற்ற அன்று ஊரே அவனைக் கிறுக்கன் என்றதைப் பற்றி... 

“சொன்னவங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

“ஆமா, கிறுக்குதான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?”

நிமிர்ந்தால் அந்தக் கண்களைப் பார்க்க வேண்டியிருக்கும். அவள் நிமிரவே இல்லை. குனிந்தபடியே நிழலைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் பேனல்கள் வந்தன. மாட்டி முடிக்க மூன்று நாள். மாடிப்படி அறையின் தலையில் நாலு, தரையில் பதினொன்று. அவன் ஏணியைப் பிடித்தான், நட்டு எடுத்துக் கொடுத்தான், திட்டு வாங்கினான். மூன்றாம் நாள் மதியம், வாசலில் நின்ற வேனுக்கு அவர்கள் வீட்டு வெயிலிலிருந்தே முதல் சார்ஜ் ஏறியது. எண் ஒவ்வொன்றாக ஏறுவதை இரண்டு பேரும் முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். எண்பதைத் தொட்டும் யாரும் இறங்கவில்லை.

அன்றைக்குத்தான் அவன் அம்மா அவளைச் சாப்பிட உட்காரச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் பஸ் கண்டக்டராக இருந்தவர்கள். பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது.

“இவன் உன்னப் பாக்குற பார்வைய நான் கவனிச்சிட்டுதான் இருக்கேன். எனக்கும் உன்னப் பிடிச்சிருக்கு. உங்க வீட்டுல வந்து பேசலாம்னு இருக்கேன்மா.”

அவள் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. சந்தோஷமா, பயமா... அவளுக்கே தெரியவில்லை.

“ஒன்னே ஒன்னு. இந்தக் கூரை ஏறுற வேலை மட்டும் வேண்டாம். கீழ இருந்து பாத்துக்க எவ்வளவோ இருக்கு. நானும் ரெண்டு வருஷம் பஸ்ல விசில் ஊதினவதான். கல்யாணம்னதும் விட்டேன். ஒன்னும் செத்துப்போகல.”

நாலாவது.

அவள் அவனைப் பார்த்தாள். இந்த முறை நேராக, கண்ணுக்குள்ளேயே பார்த்தாள். ஏதாவது சொல்லு... ஒரு வார்த்தை போதும்.

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மா, சாப்பாடு நல்லா இருந்துது” என்று எழுந்தாள். “நான் எதுக்காகவும் கூரையில இருந்து இறங்க மாட்டேன். யாருக்காகவும் மாட்டேன். இவருக்காகவும்தான்.”

யாரையும் பார்க்காமல் கை கழுவப் போனாள்.

நாலு நாள் விடாத மழை. கூரை வேலை கிடையாது. ஆபீசில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள். வண்டி சார்ஜ் போட வேறு தெருவுக்குப் போனாள். அவன் போன் செய்தபோது, இந்த முறை போன் கையில் இருந்தும் எடுக்கவில்லை. அழவும் இல்லை. அழுதால் அந்த நாலு குடும்பமும் ஜெயித்தமாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் வெயில் வந்தது. கூடவே அண்ணன் ஒரு தாளை நீட்டினான்.

“உன் மேல ஒரு புகார் வந்திருக்கு. எழுத்துல.”

*எங்கள் மாடியில் ஒரு பேனல் வைக்கும் அளவுக்கு இடம் காலியாக உள்ளது. அங்கே எந்த நிழலும் விழவில்லை. தக்க காரணம் கூறவும். இப்படிக்கு, நீங்கள் அண்ணா என்று கூப்பிடாதவன்.*

“என்ன புகார் இது” என்றான் அண்ணன்.

அவளுக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது. அவளுடைய வேலையில் குறையா? பிளானை எடுத்து விரித்தாள். மூன்று மணிக் கோடு... மாடிப்படி அறையின் நிழல் நேராக வந்து, ஓரத்தில் மட்டும் வெளியே பிதுங்கியிருந்தது. அங்கேதான் பதினாறாவது பேனல் வந்திருக்க வேண்டும். அந்த அறையில் பிதுங்குவதற்கு என்ன இருக்கிறது? சிமினியா, தூணா? ஒன்றும் கிடையாதே...

தப்பென்றால் தானே போய்த் திருத்துவாள். ஒளிந்துகொள்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. பேனலை ஆட்டோவில் ஏற்றினாள்.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் அங்கே போய்ச் சேர்ந்தாள். மாடிப்படி அறையின் சுவரில் ஏற்கெனவே ஏணி சாத்தியிருந்தது. அதன் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது அவன் அம்மா.

“வா. மேல நாலையும் ஒரு தடவ பாத்துடு. மழைக்கு அப்புறம் பாக்கணும்னு நீதான சொன்ன” என்றார்கள். பிறகு, அவளைப் பார்க்காமலே, “ஒன்னும் செத்துப்போகலன்னு சொன்னேன்ல... பொய். முப்பது வருஷம் ஆச்சு. இன்னும் விசில அலமாரியிலதான் வச்சிருக்கேன். தூக்கிப் போட மனசு வரல. எம் பையன் நாலு நாளா சாப்பிடாம அந்த விசிலையேதான் சொல்லிக் காட்டுறான்.”

அவள் ஏறினாள். நாலு பேனலையும் பார்த்தாள். இறங்கி வரும்வரை அந்தக் கை ஏணியை விடவில்லை. பிறகு அம்மா கீழே போய்விட்டார்கள்.

அவன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். தாடி வளர்ந்திருந்தது.

“காரணம் கேட்டிருந்தீங்க” என்று பிளானை நீட்டினாள். குரலைக் கறாராக வைத்துக்கொண்டாள். “மூணு மணிக்கு இங்க நிழல் விழுந்துது. நான் போட்ட கோடு தப்பாது.”

அவன் மெதுவாக நடந்து, மாடிப்படி அறைச் சுவரில் சாய்ந்து நின்றான். ஒரு கையை, டம்ளர் பிடிப்பதுபோல் மடக்கிக்கொண்டான்.

தரையில் அவன் நிழல் விழுந்தது. தோள், தலை, மடக்கிய முழங்கை... மஞ்சள் கோட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அரை விரல்கூடத் தள்ளவில்லை.

அவளுக்குக் காது மடல்வரை சூடேறியது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தப்பு... தொட்டியோடும் சுவரோடும் சேர்த்து ஒரு ஆளை வரைந்து வைத்திருக்கிறாள். பிளானில் ஏற்றி, கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

“அன்னிக்கு சாப்பிடும்போது நான் வாய் திறக்கல” என்றான். “நீங்களே பதில் சொல்வீங்கன்னு நினைச்சேன்...”

“அது சாக்கு.”

“ஆமா, சாக்கு. பயந்துட்டேன். அம்மாவுக்கு இல்ல. நான் பேசி, நீங்க என்னையும் வேண்டாம்னு சொல்லிட்டா... அந்த பயம். நீங்க போனதுக்கு அப்புறம் அம்மாகிட்ட சொன்னேன். நீங்க கூரைய விடணும்னா நானும் வேன விட்டுடறேன், ரெண்டு பேரும் கீழ உக்காந்து ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துட்டு இருக்கோம்னு. ஊரு என்னைக் கிறுக்கன்னு சொன்னப்போ சிரிச்சவன், உங்களுக்காகப் பேச வேண்டிய இடத்துல தட்டப் பாத்துட்டு இருந்தேன். இனிமே அப்படி இருக்க மாட்டேன். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. கூரையோட சேத்துதான் பிடிச்சிருக்கு.”

காற்றில் அவள் கையிலிருந்த பிளான் படபடத்தது. அதை மடித்தாள். பார்வையை இந்த முறை எங்கேயும் நகர்த்தவில்லை.

ஸ்கூல் விடும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அவன் மணியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “பிள்ளைங்க நிக்கும்... ஆனா பதில் கேக்காம போக மாட்டேன். அந்த பேனல மாட்டிட்டுப் போயிடுவீங்களா?”

“மாட்ட மாட்டேன்.”

“ஏன்?”

“பிளான்ல தப்பே இல்ல. இந்த இடத்துல ஒருத்தர் எப்பவும் நிப்பார்னு நான் போட்டிருக்கேன். கையெழுத்தும் போட்டாச்சு.” மடித்த பிளானை அவன் கையில் வைத்தாள். “இனிமே வந்து நிக்கிறது உங்க பொறுப்பு.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கீழே வாசலிலிருந்து விசில் சத்தம் கேட்டது. முப்பது வருஷம் அலமாரியில் கிடந்த விசில்... முதலில் காற்றுதான் வந்தது. பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி, பஸ் கிளம்புவதற்கு ஊதுவதுபோல், இரண்டு முறை ஒலித்தது.