திறக்கத் தெரியாத கதவு

கேசட் கீச்சிட்டு ஓய்ந்ததும் பழைய டிவியின் குமிழ்த்திரையில் வீடு வந்தது. ஆனால் சிறுமி எப்போதும் நிற்கும் கட்டிலருகே இல்லை. வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள்.

திரைமுன் உட்கார்ந்திருந்தவள் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் விஞ்ஞானி. ஒரே தண்ணீரை மூன்று முறை சோதிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். ஓய்வு நேரத்தில், கேசட்டிலிருந்து நிரலை ஏற்றும், நாற்பது வருடத்துக்கு முந்தைய வீட்டுக் கணினிகளுக்கு நிரல் எழுதுவாள். அந்தப் பித்துப் பிடித்தவர்களுக்கென்று ஒரு சங்கம்கூட இருந்தது. மகள் காய்ச்சலில் போனபிறகு அவள் எழுதியது இந்த ஒன்றுதான்: தன் வீட்டையே அறை அறையாக வரைந்து, நடுவில் எட்டுப் புள்ளி உயரத்தில் ஒரு சிறுமி. விசையை அழுத்தினால் நடப்பாள். வாசற்கதவு திறக்க மட்டும் வழி வைக்கவில்லை. இனி அவள் எங்கேயும் போகவேண்டாம் என்றுதான்.

"ஒரு பெட்டிக்குள்ள அவள வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கியே, அது நல்லதில்ல" என்று கணவர் ஒருமுறை சொன்னார். அதன்பிறகு அந்த அறைப்பக்கம் வருவதை விட்டுவிட்டார். இன்றும் வேலை என்று வெளியே போயிருந்தார்.

நிரலை வரி வரியாகப் படித்தாள். கட்டிலருகே என்றுதான் இருந்தது. வேறு கேசட் போட்டாள். வாசலுக்கு வெளியே. அலமாரியிலிருந்த இன்னொரு கணினியை இறக்கித் தூசி தட்டி மாட்டினாள். வாசலுக்கு வெளியே. பிரதி வைத்திருந்த சங்கத்து நண்பரைக் கூப்பிட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். "கட்டில் பக்கத்துலதாங்க நிக்கிறா, நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர்.

அப்படியானால் கோளாறு கேசட்டில் இல்லை, கணினியிலும் இல்லை. இந்த வீட்டில்தான் என்று மனம் முடிவு சொன்னது.

மழை பிடித்திருந்தது. ஈரமண் வாசனையோடு சூடேறிய பழைய பிளாஸ்டிக்கின் நெடியும் கலந்து அறையில் கனத்துக் கிடக்க, சன்னல் கம்பியிலிருந்து சொட்டும் நீரின் தாளத்துக்குள்ளேயே இன்னொரு சின்ன ஓசை ஒளிந்திருப்பதை அவள் வெகுநேரம் கழித்துத்தான் பிரித்தறிந்தாள். டக். டக். கணினியின் ஒலிபெருக்கி. சிறுமி ஓரடி பின்வாங்கி, கதவில் மோதினாள். மறுபடி பின்வாங்கி, மறுபடி மோதினாள். யாரும் விசையைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தை கடைசிவரை கேட்டது ஒன்றுதான்: வீட்டுக்குப் போகவேண்டும். குணமாகட்டும், போகலாம் என்று இவள் சொல்லிச் சொல்லியே நாள் கடத்தினாள். அது நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. பெற்ற மனம் எத்தனை சோதனைக்குக் காத்திருக்கும்?

"வந்துடு கண்ணு" என்றாள். கதவு திறக்க இரண்டே வரி எழுதினாள். ஓட்டினாள்.

கதவு திறந்தது. சிறுமி உள்ளே பாய்ந்தாள். அம்மா இருக்கும் அறையைக் கடந்தாள். நிற்கவில்லை. படுக்கையறைக்குள் ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்தாள்.

இவளுக்குப் புரியவில்லை. அழுகையும் சிரிப்புமாகத் திரையைத் தொட்டாள்.

அப்போதுதான் வாசலில் அது தெரிந்தது.

அவள் வரைந்தது ஒரே உருவம். இதுவும் அதேதான். அதே தலை. அதன்மேல் அதே தலை. அதன்மேல் இன்னொன்று. நிலைப்படிக்கு மேலே எழும்பி, குனிந்து, உள்ளே நுழைந்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது.

மழைச்சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. வாசற்கதவு திறந்தால் மட்டும் கேட்கும் சத்தம்.

படுக்கையறையில் இருமல். சின்ன இருமல். கட்டிலுக்கு அடியிலிருந்து.

"அம்மா..." கிசுகிசுப்பு. "கதவ ஏம்மா தொறந்த?"

அவள் எழுந்தாள். கூடத்தில் வெளிச்சம் இல்லை. திறந்த வாசலை மேல்சட்டம்வரை ஏதோ அடைத்துக்கொண்டு, மெல்ல, குனிந்துகொண்டிருந்தது.