தளபதி சுஹா என்ன சொன்னாள்?

ஜுமானா காரை நடைபாதைமேல் ஏற்றி நிறுத்தியபோது நடுப்பகல் வெயில் தெருவை வெளுத்துப்போட்டிருந்தது. தெருமுக்கு ரொட்டிக்கடை அடுப்பிலிருந்து மனகீஷ் ரொட்டியின் எண்ணெய் வாசனை. கட்டடத்துக்குக் கட்டடம் ஜெனரேட்டர் இரைச்சல். தம்பி நதீர் கடைசி வாயை மென்றுகொண்டே இறங்கி, விரலில் ஒட்டிய எள்ளைப் பேன்ட்டில் துடைத்தான்.

"முகத்தக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வை அக்கா. சாவு வீட்டுக்கா வந்திருக்கோம்?"

அவள் சிரிக்கவில்லை. தன் சானலுக்கு இதுதான் கடைசி வீடியோ, இதற்குப் பிறகு படிப்பை முடிக்கிறேன் என்று அவன் சத்தியம் செய்திருந்தான். பெற்றோர் இல்லாத வீட்டில் அவளுக்கு மிச்சம் இருந்தது அவன் ஒருவன். முன்பின் தெரியாத ஆளோடு பாதாள அறைக்குள் அவனைத் தனியே அனுப்ப மனம் வராமல்தான் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

எல்லாம் ஒரு கார்ட்டூன் தொடருக்காக. 'சாம்பல் கோள்'. ஜப்பானில் வரைந்தது, உள்நாட்டுப் போர் நடந்த வருடங்களில் பெய்ரூத்தில், இதே கட்டடத்தில், இலக்கண சுத்தமான அரபியில் டப்பிங் செய்யப்பட்டது. மஸ்கட்டிலிருந்து காஸாபிளாங்கா வரை ஒரு தலைமுறையே பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைப் பார்த்து வளர்ந்தது. கடைசிப் பகுதியில், எரியும் விண்கலத்தின் கண்ணாடிக்கு முன் தளபதி சுஹா நிற்பாள். அவள் உதடுகள் அசையும், நெடுநேரம் அசையும். குரல் மட்டும் வராது.

ஜப்பானிய மூலத்தில் அந்த இடத்தில் அவள் பேசுகிறாள். அரபியில் ஏன் மௌனம்? தணிக்கை வெட்டியது என்றார்கள் சிலர். சுஹா முதல் பகுதியிலேயே செத்துவிட்டாள், நாம் பார்த்ததெல்லாம் அவள் ஆவி என்றார்கள் சிலர். சாம்பல் கோள் என்பதே பெய்ரூத்துதான், அந்த மௌனம் போரில் காணாமல் போனவர்களுக்கானது என்று ஒரு கூட்டம். நதீர் வேறு மாதிரி யோசித்தான். வசனம் பேசப்பட்டிருக்கிறது, பிறகு யாரோ அழித்திருக்கிறார்கள். பழைய ஒளிபரப்பு நாடா ஒன்றைத் தேடிப் பிடித்து, மாதக்கணக்கில் கம்ப்யூட்டரில் அலசி, அடியில் படிந்திருந்த ஒலியைச் சுரண்டி எடுத்துவிட்டான். இன்னும் யாருக்கும் அவன் போட்டுக் காட்டவில்லை, ஜுமானாவுக்குக்கூட.

கஸ்ஸான் வாசலிலேயே காத்திருந்தார். ஐம்பதைத் தொடும் மனிதர். மடிப்புக் கலையாத சட்டை, அளவுக்கு மீறிய அத்தர். அவருடைய அப்பா ஜமீல்தான் தொடரின் அரபி வடிவத்தை இயக்கியவர். அப்பா பெயரில் இப்போது ஒரு நாடகப் பள்ளி நடக்கிறது. அதை நடத்துவதும் கஸ்ஸான்தான்.

படிகள் இறங்க இறங்க ஜெனரேட்டர்களின் ஓசை மங்கியது. ஈரச் சுவர், எலிப் புழுக்கை, நனைந்து காய்ந்த கம்பளத்தின் நெடி. மின்சாரத்தை எப்போதோ துண்டித்துவிட்டார்களாம். செல்போன் டார்ச் வெளிச்சத்தில் பதிவறைக் கதவு தெரிந்தது. அதன் தலைக்குமேல் தூசி மூடிய சிவப்பு பல்பு ஒன்று. அதற்கு வந்த வயர் பாதியில் அறுந்து தொங்கியது.

அதைக் காட்டிக் கஸ்ஸான் பெருமையாகச் சொன்னார். அந்த பல்பு எரிந்தால் ஒலிப்பதிவு நடக்கிறது என்று அர்த்தம். எரியும்போது உள்ளே என்ன கேட்டாலும், வெளியே குண்டே விழுந்தாலும், யாரும் கதவைத் தொடக் கூடாது. அப்பாவின் சட்டம். ஒருவர்கூட அதை மீறியதில்லை.

சுஹாவுக்குக் குரல் கொடுத்த நஜாத் என்ற நடிகை இப்போது எங்கே என்று நதீர் கேட்டான்.

"கனடா," என்றார் கஸ்ஸான். "தொடர் முடியறதுக்குள்ளயே போயிட்டாங்க."

அறை சின்னது, மூன்று பேர் நின்றால் நிழல் விழும் என்று நதீர் அக்காவை வெளியே நிறுத்திவிட்டு, மடிக்கணினியோடும் கேமராவோடும் உள்ளே போனான். பின்னாலேயே கஸ்ஸான் நுழைந்து கதவைச் சாத்தினார்.

கதவு விளிம்பின் ரப்பரை எலிகள் தின்றிருந்ததால் உள்ளே பேசுவது வெளியே கேட்டது. நதீர் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தான். அழிந்த இடத்தில் இரண்டு குரல்கள் இருக்கின்றன. பெண் குரல் 'கதவைத் திறங்கள்' என்கிறது. சாம்பல் கோளிலிருந்து வேறு உலகத்துக்கு ஒரு வாசல் இருந்திருக்கிறது, சுஹா அதன் காவலாளிகளை வேண்டுகிறாள். தொடரின் ரகசியமே அதுதான். ஆண் குரல் அந்தக் காவலாளியுடையது.

பிறகு அதைப் போட்டுக் காட்டினான்.

இரைச்சல். ஈரத் துணியைக் கல்லில் அறைவதுபோல ஒரு சத்தம். ஒரு பெண்ணின் மூச்சு. "கதவைத் திறங்கள்." மறுபடி அந்தச் சத்தம். ஓர் ஆணின் நிதானமான குரல்: "இன்னொரு முறை."

ஜுமானா கதவோடு காதை ஒட்டினாள். நடிப்புதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

 பிறகு கஸ்ஸான் மெதுவாகக் கேட்டார். "இத வேற யார் கேட்டிருக்கா, ஹபீபி?"

"யாரும் இல்ல உஸ்தாஸ். சாயங்காலம் சானல்ல ஏத்தறேன். உலகமே கேக்கும்."

அப்போது தலைக்குமேல் சிவப்பு பல்பு எரிந்தது.

ஜுமானா அண்ணாந்து பார்த்தாள். அறுந்த வயர் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி ஏதாவது கொண்டுவந்திருப்பான், வீடியோவுக்காக இவன் எதையும் செய்வான் என்று நினைத்தாள்.

உள்ளே ஏதோ விழுந்தது. நதீரின் அலறல். அடுத்து அவனுடைய குரலே இலக்கண அரபியில், தளபதி சுஹாவின் தோரணையில், அழுத்தம் திருத்தமாகச் சொன்னது.

"கதவைத் திறங்கள்."

சுஹாவாக நடித்துக் காட்டுவது அவன் வழக்கம். குளியலறையிலிருந்துகூட அவன் அப்படிக் கத்திக் கேட்டிருக்கிறாள். பதிவு கெட்டால் நாள் முழுக்கப் புலம்புவான். கதவை நோக்கி நீண்ட கையை அவள் இழுத்துக்கொண்டாள்.

மறுபடி அலறல். மறுபடி ஈரத் துணிச் சத்தம்.

சிவப்பு வெளிச்சத்தில் அவள் காத்து நின்றாள்.

பிறகு, கதவுக்கு அடியிலிருந்து, வீட்டில் பேசும் பேச்சில், குழறலாக ஒரு குரல் வந்தது.

"அக்கா... கதவத் திறக்கா..."

அவள் தோளால் கதவை இடித்துக்கொண்டு உள்ளே விழுந்தாள்.

நதீர் தரையில் கிடந்தான். மூக்குக்குக் கீழே அவன் முகம் முகமாக இல்லை. தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது, பற்கள் கம்பளத்தில் சிதறியிருந்தன. கஸ்ஸான் மைக் ஸ்டாண்டின் இரும்பு அடிப்பாகத்தை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கியிருந்தார். அவருடைய சட்டை மடிப்பு இப்போதும் கலைந்திருக்கவில்லை.

அவள் பாய்ந்து அவர் மணிக்கட்டைக் கடித்தாள். வாயில் உப்பு நிறைந்தது. அவர் உதறினார், இரும்பு இறங்கி அவள் தோள்பட்டையை நொறுக்கியது. செல்போன் உருண்டு, டார்ச் வெளிச்சம் எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் போய் நின்றது. கண்ணாடிக்கு அப்பால் பழைய கட்டுப்பாட்டு அறை.

"அது எங்கப்பா குரல்," என்றார் கஸ்ஸான், மூச்சிரைக்க. "புரியுதா? அவர் பேர்ல பள்ளிக்கூடம் நடக்குது. கார்ட்டூன் பைத்தியம் பிடிச்ச ஒருத்தன்..."

சொல்லிக்கொண்டே கண்ணாடிப் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

தலைமுடி ஒரு பக்கம் ரத்தத்தில் ஒட்டியிருந்தது. கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. உதடுகள் அசைந்தன, நிற்காமல் அசைந்தன. ஓசை இல்லை.

ஸ்டாண்ட் அவர் கையிலிருந்து நழுவியது.

"லைட் எரிஞ்சிட்டு இருந்துச்சு," என்றார் குழந்தைபோல. "நான் சின்னப் பையன், நாங்க எல்லாரும் வெளியதான் இருந்தோம், நஜாத் அக்கா. நடிக்கிறீங்கன்னு நெனச்சோம். பிரமாதம்னு பேசிக்கிட்டோம். லைட் எரியறப்ப எப்படி உள்ள வர்றது?"

அந்தப் பெண்ணின் வாய் திறந்தது. கஸ்ஸானின் வாயும் திறந்தது.

அவள் உதடு குவிந்தால் அவருடையதும் குவிந்தது. அவள் விரித்தால் அவருடையதும் விரிந்தது. டப்பிங் கலைஞர் திரையோடு வாய் சேர்ப்பதுபோல, ஓர் இம்மி பிசகாமல். அவர் இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்து மூடப் பார்த்தார். முடியவில்லை. கண்கள் பிதுங்கின.

அவள் வாய் இன்னும் பெரிதாகத் திறந்தது.

கடைவாயோரம் தோல் கிழிந்தது. ஈரக் கட்டையை முறிப்பதுபோல எலும்பு சத்தம் போட்டது. ரத்தம் சட்டை மார்பில் கொட்டியது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை, அசைவு மட்டும்தான். அவள் வாயை மூடியபோது அவருக்கு மூடுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

அவர் சரிந்தார். கண்ணாடியில் டார்ச் வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது.

ஒரு கையால் தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இழுத்துக்கொண்டு அவள் வெயிலுக்கு வந்து சேர்ந்தாள்.

இருவருக்குள் அடிதடி, விழுந்ததில் அடிபட்டுக் கஸ்ஸான் சாவு என்று போலீஸ் எழுதிக்கொண்டது. மடிக்கணினியில் இருந்ததைக் கேட்ட பிறகு பதிவறைத் தரையை உடைத்தார்கள். கம்பளத்துக்குக் கீழே, சிமெண்டுக்குக் கீழே, ஒரு பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. நாட்டின் வடக்கே இருக்கும் திரிப்போலியிலிருந்து நஜாத்தின் தங்கை வந்து வாங்கிப்போய், முறைப்படி தொழுகை நடத்தி அடக்கம் செய்தாள். நாடகப் பள்ளியின் பெயர்ப் பலகையைக் கழற்றினார்கள். தோளில் கட்டோடு அடக்கத்துக்குப் போய் வந்த ஜுமானா, முடிந்தது என்று நம்பினாள்.

ஒரே ஒரு கேள்விதான் அவளை அரித்தது. அந்த பல்பை யார் எரியவைத்தது? அது எரியாமல் இருந்திருந்தால் முதல் அலறலிலேயே அவள் உள்ளே போயிருப்பாள். தம்பியின் வாய் தப்பியிருக்கும். அவளை வெளியே நிறுத்திவைக்க விரும்பியது யார்?

நதீர் பிழைத்துவிட்டான். மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் கம்பியால் பிணைத்திருந்தார்கள். கம்பியை எடுக்கும்வரை வாயைத் திறக்கவோ பேசவோ முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உறிஞ்சு குழாயில் பருப்புச் சூப்பு கொடுப்பாள். அவன் கண்ணாலேயே கிண்டல் செய்வான். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அன்று காலை ஜன்னலோரம் வெயில் நன்றாக விழுந்திருந்தது. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தாள்.

"ஜுமானா."

மடிக்கணினியில் கேட்ட அதே பெண் குரல். மிக அருகில்.

அறையில் வேறு யாரும் இல்லை. நதீரின் கண்கள் மூடியிருந்தன. உதடுகள் லேசாக விலகி, அசையாமல் இருந்தன. அவற்றுக்கிடையே கம்பி மின்னியது. அவன் தொண்டை மட்டும் மெல்ல ஏறி இறங்கியது.

அந்தக் குரல் இலக்கண அரபியில், ஒவ்வொரு எழுத்தையும் பிசகாமல் உச்சரித்து, மரியாதையாகச் சொன்னது.

"அந்தத் தரைக்குக் கீழே இன்னும் இருவர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வாய் வேண்டும். இவனை மீண்டும் அங்கே அழைத்து வாருங்கள்."