சிக்னல் விழும் இடம்

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ரவுட்டரின் பச்சை விளக்குகள் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தன, மழையும் அப்போதைக்கு விட்டிருந்தது. ஆனாலும் லேப்டாப்பின் மூலையில் முழுதாக நின்ற வைஃபை கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்து ஒற்றைக் கோட்டுக்கு வந்தன. மதிவதனியின் காதில் பேசிக்கொண்டிருந்த டாக்டரின் குரல் பாதிச் சொல்லில் அறுந்தது. அவள் அசையவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கோடுகள் தாமாகவே ஏறின, யாரோ வழியில் வந்து நின்றுவிட்டு விலகிப் போனதுபோல.

கூடவே ஒரு வாடை. பல நாள் தேங்கிய தண்ணீரில் வைக்கோல் அழுகினால் வருமே, அந்த வாடை. அதற்கடியில் லேசான இனிப்பு, செத்த எலி காய்வதற்கு முன்னால் வரும் இனிப்பு. பாத்ரூம் குழாயாகத்தான் இருக்கும் என்று நினைத்து அவள் எழுந்துபோய் பினாயில் ஊற்றிக் கழுவினாள். வாடை பாத்ரூமில் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த அறையில்தான் இருந்தது.

அந்த வேலை அவளுக்குப் பெரிது. கல்லூரி முடித்த கையோடு கல்யாணமாகி, வருஷக்கணக்காக வீட்டோடு இருந்தவளுக்கு முதன்முதலாகக் கிடைத்த வேலை. ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து தர வேண்டும். அவள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர்கள். மகள் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் போட்டோவை அம்மா ஊரெல்லாம் காட்டியிருந்தாள். ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. லைன் அடிக்கடி அறுந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சென்னையிலிருந்து சூப்பர்வைசர் மலர்க்கொடி மேடம் சொல்லியிருந்தார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் மதிவதனிக்குப் பயமாக இருந்தது.

பாபநாசத்துக்கு வெளியே, வயலில் மண்ணடித்து மேடாக்கிய மனையில் புதிதாகக் கட்டிய வாடகை வீடு அது. சுற்றிலும் சம்பா நட்ட வயல்கள். கார்த்திகை மழையில் வரப்பு தெரியாமல் தண்ணீர் நின்றது. கணவன் நெடுஞ்செழியன் காலையில் ரயிலேறிப் பூதலூர் டிராக்டர் பட்டறைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். பகல் முழுக்க அவளும் லேப்டாப்பும்தான்.

அவள் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். ரவுட்டரை அணைத்துப் போட்டாள். வீடியோ பார்த்து லேப்டாப்பில் வைஃபை சாஃப்ட்வேரைப் புதுப்பித்தாள். பேட்டரி மிச்சம் பிடிக்கும் செட்டிங்கை நீக்கினாள். ஒயர் செருகலாமென்றால் அந்த லேப்டாப்பில் அதற்கு இடமே இல்லை; செல்போன் டேட்டாவில் ஓட்டலாமென்றால் அந்தப் பக்கம் டவர் சரியாக எட்டாது. கடைசியில் நெட் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

வந்தவர் காயாரோகணம், நாகப்பட்டினத்துக்காரர். செருப்பை வாசலில் விட்டு ஹாலுக்குள் வந்ததுமே மூக்கைச் சுருக்கினார். மீன் ஏதாவது கழுவினீர்களா என்று அவள் சங்கடப்படாதபடி கேட்டார். இல்லையென்றாள். அவர் தலையை ஆட்டினார்.

“மீன் வாடையிலயே வளந்தவன் நான். இது அது இல்லீங்க.”

சுவரில் மாட்டியிருந்த ரவுட்டரைத் துடைத்தார், சேனலை மாற்றினார், தன் போனில் அளந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ரவுட்டருக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் தண்ணீர் டிரம்மோ மீன் தொட்டியோ இருக்கிறதா என்று கேட்டார். அப்படி எதுவும் இல்லை.

“சிக்னல் செவுத்தக்கூட தாண்டிரும்ங்க, தண்ணியத் தாண்டாது. நடுவுல ஆள் நின்னாலே கொஞ்சம் எறங்கும். மனுசனும் பாதிக்கு மேல தண்ணிதானே.”

அவளுடைய போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தார். சிக்னல் நன்றாக இருந்தால் திரை பச்சையாகும், விழுந்தால் சிவப்பாகும். ஒயர் செருகுவதற்கான துண்டு ஒன்றைக் கும்பகோணத்திலிருந்து வாங்கி வருகிறேன், அதுவரை சமாளியுங்கள் என்றார். டீ போடுகிறேன் என்றதற்கு வேண்டாமென்று சொல்லிவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டாமலே வண்டியை எடுத்தார்.

மறுநாள் மத்தியானம் லைன் அறுந்தது. வாடை வந்தது. மதிவதனி போனை நீட்டிப் பிடித்தபடி நடந்தாள். படுக்கையறையில் பச்சை. ஹாலில் பச்சை. இரண்டுக்கும் நடுவில், வாசற்படியில், சிவப்பு. போனை இடப்பக்கம் நகர்த்தினாள், பச்சை. வலப்பக்கம், பச்சை. நடுவில் மட்டும் சிவப்பு. கையை மேலே தூக்கினாள். தன் தலை உயரத்துக்குச் சற்று மேலே போனதும் திரை பச்சையானது. மெதுவாக இறக்கினாள், சிவப்பு. ஓரங்களில் நகர்த்தியபோது சிவப்பு ஓரிடத்தில் குறுகியது, அதற்குக் கீழே அகன்றது. குறுகியது கழுத்து. அகன்றது தோள்.

போனைப் பிடித்திருந்த கையில் குளிர்ச்சி பட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். போனின் கண்ணாடியில் கோழை மாதிரி ஏதோ படிந்திருந்தது. விரல்களில் இழை இழையாக நீண்டது. நைட்டியில் துடைத்தாள், துடைத்த இடத்தைத் தொடவும் அருவருத்து நைட்டியையே கழற்றி வாளியில் போட்டாள். கைக்குச் சோப்பு போட்டாள், உப்பு போட்டுத் தேய்த்தாள், புளி கரைத்துக் கழுவினாள். சோறு பிசையும்போது அந்த வாடை விரலிடுக்கிலிருந்து எழுந்தது. உருண்டையை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் தட்டோடு கொட்டினாள்.

லேப்டாப்பைச் சமையலறைக்குக் கொண்டுபோனாள். சிவப்பு சமையலறை வாசலுக்கு வந்தது. சுவரோரம் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. முதலில் அவளுக்கும் அதற்கும் நடுவில் ஒரு அறை இருந்தது. பிறகு ஒரு மேசை. அது நின்ற இடத்தில் தரை வழவழத்தது, கற்றாழையை உரித்து இழுத்தது போல. மிதித்த கால் பிசுபிசுவென்று ஒட்டி விடுபட்டது. பழைய துணியால் துடைத்து, துணியை வெளியே எறிந்தாள். தெரு நாய்கூட அதை மோந்துவிட்டுப் பின்வாங்கியது.

அன்று சாயங்காலம் நெடுஞ்செழியனிடம் தரையைப் பற்றி மட்டும் சொன்னாள். மற்றதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவன் குனிந்து தொட்டுப் பார்த்தான். வயலில் கட்டின வீடு, கீழேயிருந்து ஈரம் ஏறுகிறது, தை பிறந்தால் காய்ந்துவிடும் என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் கிடக்கிறாய் என்று வருத்தப்பட்டான். பிறகு நாற்காலியைப் போட்டு ஏறி ரவுட்டரைக் கழற்றினான்.

“உன் பக்கத்துலயே வச்சிடுறேன் மதி. நடுவுல ஒண்ணுமே இல்லாம பண்ணிட்டா என்ன பிரச்சனை வரப்போவுது?”

ஒயரை இழுத்து வந்து, கட்டிலின் தலைமாட்டு மேசையில் ரவுட்டரை வைத்தான். லேப்டாப்பில் கோடுகள் அத்தனையும் ஏறி நின்றன. பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் அடித்துப் போட்டது போலத் தூங்கினாள்.

காலையில் வாய் முழுக்கச் சேற்றின் ருசி.

ஆனால் வீட்டில் வாடை இல்லை. ஒவ்வொரு அறையாக மோந்து பார்த்தாள், எங்கும் இல்லை. தரை காய்ந்திருந்தது. போனை நீட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள், எங்கும் பச்சை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வேலைக்குக் கிளம்பிய நெடுஞ்செழியனிடம் வாசலில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பல் விளக்கவில்லையா என்று, அவள் மனம் நோகாதபடிதான் கேட்டான்.

விளக்கியிருந்தாள். திரும்பவும் விளக்கினாள். உள்ளங்கையைக் குவித்து ஊதி மோந்தாள். வைக்கோல். அடியில் இனிப்பு. பசிக்கவில்லை. வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது போலக் கனத்தது. திரும்பும்போது உள்ளே ஏதோ அவளைவிடச் சற்றுத் தாமதமாகத் திரும்பியது.

மத்தியானம் மேடத்தோடு வீடியோ மீட்டிங். வேலை நிரந்தரமா இல்லையா என்று அன்றைக்குத்தான் சொல்வார்கள். வானம் கறுத்து அறை மங்கியது. தலைமாட்டு மேசையில் முதுகைச் சாய்த்துக் கட்டிலில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். மேடத்தின் முகம் தெரிந்தது. மூலையில் சின்னக் கட்டத்தில் அவள் முகம்.

நன்றாகச் செய்கிறீர்கள் என்றார் மேடம். தட்டச்சில் பிழை குறைவு என்றார். மதிவதனியின் கண் கோடுகளில் இருந்தது. ஒன்று குறைந்தது. இன்னொன்று. மேடத்தின் குரல் துண்டு துண்டாயிற்று.

லேப்டாப்பைப் பக்கவாட்டில் நகர்த்தினாள். கோடுகள் ஏறின. மடிக்குக் கொண்டுவந்தாள். விழுந்தன.

பின்னால் ரவுட்டர். முன்னால் லேப்டாப். நடுவில் அவள் மட்டும்தான்.

போனை எடுத்தாள். தோளருகே பிடித்தாள். பச்சை. மார்புக்கு முன்னால். பச்சை. வயிற்றுக்கு இறக்கினாள். சிவப்பு. வாசற்படியில் பார்த்ததைவிடக் கருஞ்சிவப்பு.

போனை அங்கேயே பிடித்திருந்தாள். திரை பச்சையானது.

மேலே நகர்த்தினாள். மார்பில் சிவப்பு.

பிறகு மார்பில் பச்சை. கழுத்தில் சிவப்பு.

தொண்டை அடைத்தது. விழுங்கினாள். போகவில்லை. வழவழவென்று குளிர்ந்த ஏதோ நாக்கின் அடிவேரை ஒதுக்கித் தள்ளியது. குமட்டி, வாய் தானாகத் திறந்தது.

“மதிவதனி, உங்க படம் அப்படியே நிக்குதுங்க,” என்றார் மேடம். பிறகு குரல் மாறியது. “வாயில என்னங்க அது?”

லைன் அறுந்தது.

மேடத்தின் கட்டம் கறுத்துவிட்டது. அவளுடைய கட்டம் மட்டும், கடைசியாகப் போன படத்தோடு, திரை முழுக்கப் பெரிதாகி நின்றது. வாய் திறந்திருந்தது. கீழ்ப்பல் வரிசையை உள்ளேயிருந்து பற்றியபடி நான்கு விரல்கள். தண்ணீரில் ஊறி வெளுத்தவை. நகங்களில் வயல் சேறு.

மதிவதனி வாயை மூடினாள்.

முழுதாக மூடவில்லை.