எட்டுக்குப் பிறகு

நான்காவது முறையும் ஒன்பதுதான் வந்தது.

முதசிருக்கு அது பிடிக்கவில்லை. மின்னல் வெட்டியதும் வாய்விட்டு எண்ண வேண்டும். இடி கேட்டதும் நிறுத்தி, வந்த எண்ணை மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தள்ளி விழுந்தது என்று தெரிந்துவிடும். ஆறு வருடமாகக் கோடை மழையைக் காரில் துரத்திப் படம்பிடிக்கிறவனுக்கு இது பல் விளக்குகிற மாதிரிப் பழக்கம். கடத்தூரைத் தாண்டி அரை மணி நேரமாகக் கருமேகத்தைப் பார்த்தே ஓட்டியிருக்கிறான். எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை.

மழை வந்தால் ஊரே வீட்டுக்குள் ஓடும். இவன் ஒருத்தன் வீட்டை விட்டு ஓடுவான். அதியமான்கோட்டையில் மனைவி அன்ஜும் ஏழு மாத வயிற்றோடு தனியாக இருக்கிறாள், இடி என்றால் அவளுக்குக் கைகால் உதறிவிடும் என்று தெரிந்தும், மதியம் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட்டான். அவள் பயத்தைப் போக்க அவனே கண்டுபிடித்த விளையாட்டு ஒன்று உண்டு. மின்னியதும் இருவரும் மாற்றி மாற்றி எண்ணுவார்கள். ஒற்றை எண் அவளுக்கு, இரட்டை அவனுக்கு. யார் சொல்லும்போது இடி விழுகிறதோ அவர் டீ போட வேண்டும். இதுவரை பெரும்பாலும் அவன்தான் போட்டிருக்கிறான்.

மழை பிடித்துக்கொண்டது. காய்ந்த மண்ணில் முதல் தண்ணீர் பட்ட வாசம் ஏசி வழியாக உள்ளே ஏறியது. கூரைமேல் கூடை கூடையாகக் கல்லைக் கொட்டுவது போன்ற இரைச்சலில் வைப்பர் ஆடுகிற சத்தம்கூட அமுங்கிப்போக, இருபுறமும் கண்ணுக்கெட்டிய வரை கிடந்த கொள்ளுக் காடு ஒவ்வொரு வரப்பாக மறைந்து, மாலை நாலு மணிக்கே ரோடு இருட்டிவிட்டது.

மின்னியது. இந்தத் தடவை வேண்டுமென்றே இழுத்து இழுத்து எண்ணினான். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் எச்சில் விழுங்கினான். எட்டு. பிறகு வெகுநேரம் கழித்து, ஒன்பது.

அந்தச் சொல்லோடு சேர்ந்தே இடி விழுந்தது. ரோட்டோரப் பனைமரம் உச்சியிலிருந்து அடிவரை பிளந்து, அந்த மழையிலும் எரிந்தது. இன்ஜின் நின்றுபோனது. சாவியைத் திருப்பினால் வெறும் டிக் சத்தம்.

பக்கத்தில் விழுந்த இடிக்கு ஒன்பது எண்ணுகிற நேரம் எதற்கு? இடி அவனுக்காகக் காத்திருந்திருக்கிறது.

அடுத்த மின்னலுக்கு அவன் எண்ண விரும்பவில்லை. வாய் தானாக எண்ணியது. எட்டு வந்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

இடி விழவில்லை.

மழையின் சத்தமும் நின்றது. மழை நிற்கவில்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

கதவைக் கொஞ்சம் திறந்தான். கையிலிருந்த முடியெல்லாம் குத்திட்டு எழுந்தது. தலைமுடியும். மின்னல் ஆளைக் குறிவைத்துவிட்டால் அப்படித்தான் ஆகும் என்று எத்தனை வீடியோவில் அவனே சொல்லியிருக்கிறான். சாத்திக்கொண்டான். இடி மழையில் காரை விட்டு இறங்காதே என்பதும் அவன் சொல்கிற பாடம்தான்.

அப்போதுதான் ஆடு மேய்க்கிற ஓர் அம்மாவைப் பார்த்தான். இருபது அடி தள்ளி வரப்பில் ஆடுகளோடு நின்றாள். அவள்மேல் வெயில் அடித்தது. சேலை காய்ந்திருந்தது.

"உங்க வண்டி மேல மட்டும் பேயுதுங்களே," என்றாள். அவள் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. கொஞ்ச நேரம் காரின் கூரைக்கு மேலே அண்ணாந்து பார்த்தாள். "எறங்கிராதீங்க. அது குனிஞ்சு உங்களத்தான் பாத்துட்டு இருக்குது."

ஆடுகள் தெறித்து ஓடின. அவளும் ஓடினாள்.

முதசிர் அன்ஜுமுக்கு போன் போட்டான். நடந்தது எதையும் சொல்லவில்லை. அவள் குரலைக் கேட்டால் போதும் என்றிருந்தது. எப்போது வருவீர்கள் என்று கேட்டாள். அழுகையை அடக்கிக்கொண்டு, காருக்குள் உரக்கவே சொன்னான்.

"வந்துட்டே இருக்கேன். வந்ததும் ரெண்டு ஹாரன் அடிக்கிறேன், கேட்டைத் தொற."

சொல்லிவிட்டுப் போனை வைத்ததும் கூரைமேலிருந்து ஏதோ கனம் இறங்கியது. கார் ஸ்பிரிங்கில் ஒருமுறை எழும்பி அமர்ந்தது. மழை விலகியது. வெயில் வந்தது. அவன் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னான், சிறுபிள்ளை மாதிரி அழுதான்.

தலையைத் தூக்கியபோது ஒற்றைத் தூணாக ஒரு மழை மேற்கே போய்க்கொண்டிருந்தது. காற்றே இல்லை. அதியமான்கோட்டை இருக்கிற திசை.

சாவியைத் திருப்பினான். டிக். மறுபடியும் டிக். இறங்கி ஓடினான். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. எதிரேயும் வரவில்லை. அன்ஜுமுக்கு போட்ட போன் போகவில்லை. ஓடினான்.

அவளே கூப்பிட்டாள்.

"என்னங்க, ஹாரன் அடிச்சிட்டு எறங்காம ஒக்காந்திருக்கீங்க? கண்ணாடியெல்லாம் ஆவி புடிச்சுக் கெடக்கு, உள்ள ஒன்னும் தெரியல."

"அது நானில்ல. வூட்டுக்குள்ள போ அன்ஜும்."

அவளுக்குக் கேட்கவில்லை. போனில் மழை பேரிரைச்சலாக இரைந்தது. கத்தினான்.

மேற்கு வானம் வெளுத்து அணைந்தது.

"ஒன்னு," என்றாள் அன்ஜும். பயமும் சிரிப்பும் கலந்த குரல்.

"ரெண்டு." பதில் சொன்னது அவன் குரல். அவள் பக்கத்திலிருந்து வந்தது.

"மூனு."

"நாலு."

எண்ணாதே, எண்ணாதே என்று தொண்டை கிழியக் கத்தினான். அவள் எண்ணிக்கொண்டே கேட்டைத் தாண்டி வருவது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. ஐந்து. ஆறு. கார் கதவு திறக்கும் சத்தம்.

"ஏழு."

"எட்டு," என்றது அவன் குரல், மெதுவாக, ஆசையாக.

போனில் மழைச் சத்தம் நின்றது. அடுத்த எண்ணைச் சொல்ல அன்ஜும் மூச்சை இழுப்பது கேட்டது.