மூன்று தட்டு, ஒரு தாமதம்

செந்தரையின் ஏழாம் தளத்தில் பொழுது விடிந்தது என்றால் நுரையீரல் அலசும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். செவ்வாய்க் கோளின் மண்ணுக்கு ஏழு அடுக்குக் கீழே சூரியனுக்கு என்ன வேலை? தெருக்கோடியில் அலசுகுழாய் இருக்கும். வாயில் கவ்விக்கொண்டால், முந்தைய நாள் உள்ளே போன சிவப்புத் தூசியை உறிஞ்சி எடுத்துவிடும். குழாய் வாயில் இருக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்த வரிசை பேசிக்கொண்டேதான் இருக்கும். எந்த வீட்டுக் காற்றுப்பெட்டி இரவெல்லாம் இருமியது, எவள் எவனோடு ஆறாம் தளம் வரை போய்வந்தாள் என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகிவிடும்.

செவந்தி மட்டும் பேசமாட்டாள். ஐம்பதை நெருங்கும் தனிக்கட்டை. தாதுக்கல் பிரிக்கும் கொட்டகையில் வேலை. அங்கே அவளுக்குத் துணை, பாறை குடையும் இயந்திரங்களான துளையன்கள்தான். அதில் ஒன்றுக்கு முனை நீளம். மூக்கன் என்று பெயர் வைத்திருந்தாள். மனிதர்களிடம் பேசாததையெல்லாம் மூக்கனிடம் பேசுவாள். பேச்சு தீர்ந்தால் பாடுவாள்.

அன்று வரிசையில் நின்ற எல்லாருடைய செவிமணியிலும் ஒரு புதுப்பாட்டு ஒலித்தது. செவிமணி என்பது பிறந்த குழந்தைக்கே காதெலும்பில் பதித்துவிடுகிற ஒலிச்சில்லு. வேண்டாம் என்றாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். செவந்தியின் வாயிலிருந்த குழாய் நழுவியது.

*கல்லுக்கு அந்தப் பக்கம் யாரிருக்கா,*
*கூப்பிட்டா கேக்குற தூரமிருக்கா...*

அவள் கட்டிய பாட்டு. பாடியவன் விபுலன் என்கிற கூரையான்.

கண்ணாடிக் கூரைக்கு நேர் கீழே, வெயில் படும் முதல் தளத்தில் வாழ்கிறவர்கள் கூரையார். தூசியிலேயே பிறந்து வளர்ந்து, எந்தச் சோப்புக்கும் போகாத செம்பழுப்பு தோலில் ஏறிப்போனவர்கள் துருவர். துருவர் மேலே போகக்கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாது. மின்தூக்கி அவர்கள் விரலுக்குத் திறக்காது, அவ்வளவுதான்.

இந்த விபுலன் கொஞ்ச நாளைக்கு முன் கீழ்த்தள வாழ்வைப் பார்க்கிறேன் என்று கொட்டகைக்கு வந்தான். செவந்தி பக்கத்தில் கல்மேல் உட்கார்ந்தான், வாய்க்கு வாய் அக்கா என்றான், அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடச்சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் கொடுத்த தேநீரை மட்டும் தான் கொண்டுவந்த குவளையில் ஊற்றிக் குடித்தான். இப்போது முகத்தில் செம்பொடி பூசிக்கொண்டு பாடுகிறான். தாளம் அதேதான்: மூன்று தட்டு, அப்புறம் நொண்டிக்கொண்டு தாமதமாக வரும் ஒரு தட்டு. கூரையார் ஆடுவதற்கு வசதியாகத் தாமதத்தை மட்டும் கொஞ்சம் குறைத்திருந்தான்.

அது என் பாட்டு என்று செவந்தி சொன்னபோது வரிசை அவளைப் பரிதாபமாகப் பார்த்தது. எதிர்வீட்டுப் பட்டுராணிதான் வாயைத் திறந்தாள்.

"நீ பாடுனா எழவு வீடு மாதிரி இருக்கும்டி. அந்தத் தம்பி பாடுறதுதான் கேக்க சுத்தமா இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, அவன் மெட்டிலேயே முணுமுணுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

செவந்தி முதற்குரல் மன்றத்தில் முறையிட்டாள். ஒரு பாட்டை முதலில் பாடியவர் யார் என்று தீர்ப்பளிக்கும் மன்றம் அது. முதற்குரலார் என்று அறிவிக்கப்பட்டவருக்கே பாட்டின் உரிமை; அவர் கூரை மேடையில், ஆட்களுக்கு எதிரே நின்று பாடலாம். செவந்திக்கு வேண்டியது அதுதான். ஒரு தடவையாவது, பாடும்போது யாராவது தன் முகத்தைப் பார்க்கவேண்டும்.

துருவர் சாட்சி மன்றத்தில் செல்லாது. தூசி மூளையில் ஏறி ஞாபகத்தை மங்கவைக்கும் என்று கூரை மருத்துவர் எவரோ எந்தக் காலத்திலோ எழுதிவைத்தது. இயந்திரத்தின் நினைவு செல்லும். அதனால் அவள் மூக்கனைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு, மன்ற அழைப்பாணைக்கு மட்டும் திறந்த மின்தூக்கியில் மேலே போனாள். மூக்கன் பொய் சொல்லாது என்பதுதான் அவளுடைய தைரியம். அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

மன்றத்தில் விபுலன் பணிவாகத்தான் பேசினான். அக்காமேல் தனக்கு அளவில்லாத மரியாதை என்றான். கீழே சும்மா கிடந்த ஓசையைப் பாட்டாக்கியது தான்தான் என்றும், தான் பாடியிராவிட்டால் அதைக் கேட்க ஒரு காதும் இருந்திருக்காது என்றும் சொன்னான். தீர்ப்பாளர் கௌதமி தலையசைத்துவிட்டு மூக்கனைக் கேட்டார். இயந்திரங்கள் அச்சுத் தமிழில்தான் பேசும்.

"சொற்களும் இராகமும் செவந்தியுடையவை. விபுலனுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே அவர் பாடினார்."

செவந்தியின் முகம் மலர்ந்தது.

"தாளம் எங்களுடையது" என்றது மூக்கன்.

மூக்கன் யாரையும் குற்றம் சொல்கிற மாதிரி பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னது. இருட்டில் குடையும்போது துளையன்கள் நடுநடுவே நிறுத்தி மூன்று முறை தட்டும். நான் இங்கே இருக்கிறேன், இந்தப் பக்கம் குடையாதே என்று பொருள். பாறைக்கு அப்பாலிருந்து இன்னொரு துளையன் பதிலுக்கு ஒன்று தட்டும். ஒருமுறை பாறை சரிந்து ஒரு துளையன் நசுங்கிப்போனது. பதில் வரவில்லை. காத்திருந்து காத்திருந்து, அதற்குப் பதிலாக மூக்கனே அந்த நாலாவது தட்டைத் தட்டியது. அன்றிலிருந்து எல்லாத் துளையன்களும் அப்படித்தான் தட்டுகின்றன.

தீர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இது உண்மையாம்மா?"

உண்மைதான். அந்தத் தட்டைக் கேட்டுத்தான் அவளுக்குப் பாட்டே பிறந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தாளத்தைக் கொடுத்துவிட்டால் பாட்டில் மிச்சம் என்ன இருக்கும்? கூரை மேடை அவ்வளவு பக்கத்தில் வந்திருந்தது. செவந்தி மூக்கனைப் பார்க்காமல் பேசினாள்.

"அது மிஷினுங்க. தட்டும், நிக்கும். அதுக்குப் பாட்டு எங்கருந்து வரும்? சும்மா கெடந்த சத்தத்தப் பாட்டாக்குனது நாந்தான்."

விபுலன் தீர்ப்பாளரைப் பார்த்து எழுந்து நின்றான். "அதையேதாம்மா நானும் சொல்றேன்."

தீர்ப்பாளர் முதலில் சிரித்தார். பிறகு விபுலன். அப்புறம் செவந்தியும் சிரித்தாள். கூரையாரோடு சேர்ந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. இருவரும் கூட்டு முதற்குரலார் என்று தீர்ப்பானது. விபுலன் தன் குவளையிலிருந்தே அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். மூக்கனைச் சரக்குத் தூக்கியில் கீழே அனுப்பினார்கள்.

மேடையில் இருவரும் பாடினார்கள். விபுலனுக்குச் செம்பொடி பூசியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் தோல் எடுபடாது என்று செவந்திக்கு வெள்ளைப் பொடி பூசிவிட்டார்கள். கூட்டத்தில் பலர் அவனைத்தான் துருவன் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

திரும்பி வந்தபோது அலசுகுழாய் வரிசையில் மரியாதை கூடியிருந்தது, பட்டுராணியே வழிவிட்டாள். ஆனால் பேச்சு நின்றுபோனது. கூரையில் பாடியவளிடம் காற்றுப்பெட்டி இருமலைப் பற்றி யார் பேசுவார்கள்? செவந்தி கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தாள். ஏதோ குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது: தட்டுச் சத்தமே இல்லை. துளையன்கள் தம் பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருந்தன.

ஒரு கல்லை எடுத்து மேசையில் மூன்று முறை தட்டினாள். மூக்கன் குடைவதை நிறுத்தியது. பிறகு மறுபடி குடையத் தொடங்கியது.

"ஏன்டா, பதில் தட்ட மாட்டியா?"

"அது உரிமை பெற்ற தாளம் அம்மா. எங்களுக்கு ஓசையில்லாத சைகை பொருத்திவிட்டார்கள். தட்டுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும்."

முன்பெல்லாம் அது அவளைச் செவந்தி என்றுதான் கூப்பிடும்.

"நாந்தானடா உரிமக்காரி. தட்டு."

"நீங்கள் இருவர். மற்றவரின் சம்மதமும் தேவை."

அவள் விபுலனுக்குச் சொல்லி அனுப்பினாள். பதில் அன்றே செவிமணியில் வந்தது. கண்ட மிஷினுக்கெல்லாம் அனுமதி கொடுத்தால் நம்ம பாட்டுக்கு என்ன மரியாதை அக்கா, என்று கேட்டிருந்தான்.

நம்ம பாட்டு. அந்த வார்த்தையை மட்டும் செவந்தி திரும்பப் போட்டுக் கேட்டாள். இன்னொரு தடவையும் கேட்டாள். இனிப்பாகத்தான் இருந்தது. பிறகு, மூக்கனிடம் ஒன்றும் சொல்லாமல், கல் பிரிக்க உட்கார்ந்தாள்.