ட்ரே கழித்த எடை

அடுப்பில் கஞ்சி கொதி வந்த நேரத்தில் சந்திரம்மா உள்ளே வந்து கேஸை அணைத்தாள்.

“இன்னாமே, யாருக்கு இந்தக் கஞ்சி?”

“மாமாவுக்குதான் அத்தை. வேலைக்குப் போறவரு...”

“உன் மாமனுக்கு நான் கடையில நாஸ்தா வாங்கிக்கிறேன். நீ பைய எடு! நாளைக்கு என் புள்ள எடை பாத்து முடிக்கற வரிக்கும் இந்த வூட்ல உன் கை பட்ட ஒரு சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது. செங்கல்பட்டுல உன் ஆத்தா கூட போய் இரு.”

ரூத் கஞ்சிப் பானையை மூடி வைத்தாள். வாசலில் அவள் கணவன் ஜெரோம் மழைக்கோட்டுக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கயிறு தாண்டிக்கொண்டிருந்தான். வியர்வை முகவாயிலிருந்து சொட்டியது. அம்மா பேசியது அவன் காதில் விழுந்திருக்கும். கயிறு மட்டும் நிற்கவில்லை.

குத்துச்சண்டையில் அவனுக்கு லைட் ஹெவிவெயிட் பிரிவு. எண்பது கிலோ. நூறு கிராம் கூடினாலும் ரிங்குக்குள் விடமாட்டார்கள். சாதாரண நாளில் அவன் எண்பத்தைந்து இருப்பான். போட்டிக்கு முன் மூன்று வாரம் பட்டினி கிடந்து இறக்குவான். தேர்வில் ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. வயது வரம்புக்கு இதுதான் கடைசி வருடம்.

போன வருடம் கிடைத்திருக்க வேண்டியது அது. எடை பார்ப்பதற்கு முந்தின நாள் மதியம் ஏசுதாஸ் மகனைத் தான் வேலை செய்யும் மீன் கொட்டகைக்கு அழைத்துப்போய் எடைமேடையில் நிறுத்தினார். எழுபத்தொன்பது எண்ணூறு. வீடே சிரித்தது. மறுநாள் விடியலில் ஜெரோம் பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்தான். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. ரூத் அவன் தலையை மடியில் வைத்து அரை டம்ளர் கஞ்சித்தண்ணீர் புகட்டினாள். ஏழு மணிக்கு மைதானத்துத் தராசு எண்பத்தொன்று முந்நூறு என்று காட்டியது. ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். ஓடி எடை குறைக்க அவன் காலில் தெம்பில்லை.

“எவ்ளோமே குடுத்தே? சொம்பா, குண்டானா?” என்று சந்திரம்மா தெருவே கேட்கக் கத்தினாள்.

ஜெரோம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “அவ கைல டம்ளர் இருந்தது தெரியும். எவ்ளோ குடிச்சேன்னு தெரியல.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் கையால் அவன் ஒரு வாய் சாப்பிடவில்லை. பதினோரு மாதம்!

அரை டம்ளருக்கு நூறு கிராம் தாண்டாது. மீதி எடை எங்கிருந்து வந்தது என்று ரூத்தும் குழம்பித்தான் கிடந்தாள், ஒரு வாரம். பிறகு மாமனாருக்குச் சோறு கொண்டுபோன அன்று பார்த்தாள். எடைமேடை காலியாக இருந்தது. சிவப்பு எழுத்தில் ஒன்று எண்ணூறு. முன்னால் ஒரு சின்னக் கழித்தல் கோடு. மீன் நிறைக்கும் பிளாஸ்டிக் ட்ரேயின் எடை ஒன்று எண்ணூறு. அதைத் தராசிலேயே கழித்து வைத்துவிட்டால் மீனின் எடை மட்டும் காட்டும். பதினைந்து வருடமாக ஏசுதாஸ் தினமும் அப்படித்தான் நிறுக்கிறார். மகன் ட்ரேயில் இல்லை, தராசு அவனை ஒன்று எண்ணூறு குறைத்துத்தான் காட்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

ரூத் வாயைத் திறக்கவில்லை. ஜெரோம் முதல் பதக்கம் வாங்கிய அன்று குடியை விட்டவர் அவர். எட்டு வருடமாகத் தொடவில்லை. மகனின் வேலையைக் கெடுத்தது தன் கைதான் என்று தெரிந்தால் அந்த மனுஷன் நேராகச் சாராயக் கடைக்குத்தான் போவார்.

ஆனால் இன்று மதியம் மறுபடி அதே எடைமேடை... “நம்ம தராசு பொய் சொல்லாது, பாத்துகினு போயிடலாம்” என்று நேற்றே சொல்லிவிட்டார்.

பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். புதுப்பட்டினம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால்தான் கொட்டகை. கல்பாக்கம் டவுன்ஷிப்புக்குப் போகும் பஸ் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு கடந்தது. கொட்டகைக்குள் யாரும் தெரியவில்லை. காலி எடைமேடையில் அதே சிவப்பு எண். பட்டனை அழுத்தினாள். எல்லாம் பூஜ்யமானது.

“இன்னாம்மா பண்றே?”

பின்னால் ஏசுதாஸ், கையில் தண்ணீர் ஓடும் குழாயோடு.

“அது ட்ரே எடை ரூத்தும்மா. அத்த அழிச்சிட்டா அப்பறம் மீனு...”

பாதியில் நின்றுவிட்டார். தராசைப் பார்த்தார். அவள் விரலைப் பார்த்தார். அவர் உதடுகள் மெல்ல அசைந்தன.

“ஒன்னு எண்ணூறு... அன்னிக்கு என் புள்ள ட்ரேலயா நின்னான்?”

குழாய் கீழே விழுந்து தண்ணீர் அவர் காலைச் சுற்றி ஓடியது. ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

“உனுக்கு எப்போ தெரியும்?”

“விடுங்க மாமா... மத்தியானம் சரியா காட்டும். யாருகிட்டயும் சொல்ல வேணாம்.”

“எப்போ தெரியும்னு கேட்டேன்!”

“ஒரு வாரத்துலயே.”

“ஐயோ... அவ உன்ன பேசும்போதெல்லாம் நான் பக்கத்துல ஒக்காந்து சோறு துன்னுகினு இருந்தேனேம்மா! நான் குடிச்சிடுவேன்னு பயந்துகினியா?”

ரூத் தலையைக் குனிந்தாள். அவர் எழுந்து அவள் பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

வாசலில் நின்றே சொன்னார். சந்திரம்மா நம்பவில்லை. “யோவ், மருமவள காப்பாத்த இன்னாத்துக்குய்யா பொய் சொல்ற?” என்றாள். ஆனால் ஜெரோமின் கயிறு நின்றுவிட்டது. அவன் நேராகக் கொட்டகைக்குப் போனான். எல்லோரும் பின்னால் போனார்கள். மழைக்கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மேடையில் ஏறினான். எண்பத்தொன்று அறுநூறு. இறங்கினான். ஏசுதாஸ் ட்ரேயை வைத்துக் கழித்தார், பிறகு எடுத்தார். ஏறினான். எழுபத்தொன்பது எண்ணூறு. போன வருடத்து அதே எண்.

கொட்டகைக்குப் பின்னால் அலைச்சத்தம் மட்டும் கேட்டது.

சந்திரம்மாதான் முதலில் உடைந்தாள். “அடுப்ப அணைச்ச இந்தக் கைய ஒடைச்சிப் போடுமே... தெரு பூரா உன்ன நாறடிச்சேனே!” என்று ரூத்தைக் கட்டிக்கொண்டாள். ரூத் அழாமல் நின்றாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு அத்தை.”

“இன்னும் கோவமாம்மா?”

“கோவம் இல்ல. தூக்கம் வருது. பதினோரு மாசமா தூங்கல. எங்கம்மா வூட்ல ஒரு ராத்திரி தூங்கிட்டு வரேன்.”

ஜெரோம் ஏதோ சொல்ல வந்தான். “ஓடுங்க,” என்றாள் அவள். “இன்னும் ஒன்னு அறுநூறு கீது.”

மறுநாள் காலை செங்கல்பட்டு மைதானத்தில், எடை பார்க்கும் அறைக்கு வெளியே ரூத் பிளாஸ்க்கோடு நின்றாள். ஜெரோம் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போயிருந்தது.

“எழுபத்தொன்பது தொள்ளாயிரம்.”

அவள் டம்ளரில் கஞ்சித்தண்ணீரை ஊற்றி நீட்டினாள். அவன் கையில் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டாள்.

குனிந்து டம்ளருக்குள் பார்த்தான். பாதிதான் இருந்தது.

“அன்னிக்கும் இவ்ளோதானா ரூத்து?”

“இவ்ளோதான்.”

குடித்து முடிப்பதற்குள் அவன் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். “மன்னிச்சிடு” என்றானா, வேறு ஏதாவதா... அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஏசுதாஸ் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் தனியாக நின்றிருந்தார். ரூத் மிச்சக் கஞ்சியை ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

“நேத்து சாயங்காலம் கடை வாசல் வரிக்கும் போயிட்டேம்மா,” என்றார் அவர் நிமிராமல். “ஷட்டர புடிச்சிகினு நின்னேன். அப்பறம்... திரும்பி வந்துட்டேன்.”

“குடிங்க மாமா. ஆறிடும்.”

அவர் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டார். உள்ளே ஒலிபெருக்கியில் லைட் ஹெவிவெயிட் பிரிவின் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார்கள்.