வளைந்த பனிவிழுது

இம்மாகுலேற் அழுதபடி சொன்னதில் பாதியைத்தான் சுப்பிரமணியன் நம்பினார். ஐம்பது வருடம் குளிர்ப்பெட்டி திருத்திய மனிதர். பெட்டியும் பொய் சொல்லும், பெட்டிக்காரனும் பொய் சொல்வான் என்பது அவர் கண்டது.

அன்று விடிய ஐந்து மணிக்கு, லண்டன் ஆர்ச்வேயில், மேட்டுத் தெருவில், வேலைக்குப் புறப்பட்ட அவள் தம்பி பிரவினை எவனோ வாசலில் காத்திருந்து அடித்து இரண்டு காலையும் முறித்துவிட்டான். முகம் தெரியவில்லை. மீன் வியாபாரி கௌசிகனின் தங்கையை நிச்சயம் செய்துவிட்டுக் கைவிட்டவன் பிரவின். கௌசிகனோ, தன் வான் வண்டி இரண்டு நாளாக ஃபாரஸ்ட் கேட்டிலுள்ள தன் வீட்டு வாசலில்தான் நிற்கிறது என்று பொலிசுக்குச் சொல்லிவிட்டான்.

"அவன்ரை காலும் முறியவேணும், அண்ணை."

"அந்த வேலை என்னாலை ஏலாது. ஆர் எண்டு மட்டும் பாக்கிறன்."

முதலில் பிரவின் வாசலுக்குப் போனார். ரசமட்டத்தை வைத்து, தெருவின் சரிவு எவ்வளவோ அவ்வளவுக்கு ஒரு காகித மட்டையை வெட்டிக்கொண்டார்.

பத்து மணிக்கு ஃபாரஸ்ட் கேட். இம்மாகுலேற்றும் கூட வந்தாள். தெரு பலகைபோல் மட்டம்; குளிர் இன்னும் விடவில்லை. வானின் அடியில், மீன்பெட்டித் தண்ணீர் வடியும் குழாயில், சொட்டும் நீர் உறைந்து ஒரு பனிவிழுது தொங்கியது. ஒரு சாண் நீளத்துக்கு வண்டியின் பின்பக்கம் சாய்ந்திருந்தது. நுனி இரண்டு விரல் மட்டும் நேரே கீழே பார்த்தது. இம்மாகுலேற்றிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கதவைத் தட்டினார்; வந்தவனுக்கு விழுதைக் காட்டினார்.

கௌசிகன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "காத்து வளைச்சிருக்கும், அண்ணை."

"வண்டிக்கு அடியிலை என்ன காத்து? சொட்டுற தண்ணி நேர கீழதான் உறையும், தம்பி. இது வளரேக்கை வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு மேட்டிலை நிண்டிருக்கு." மட்டையைச் சாய்வில் பொருத்தினார். மயிரிழை பிசகவில்லை. "பிரவின் வாசல் சரிவு. ஒரு சாண் வளர ஒரு இரவு வேணும்; அவ்வளவு நேரம் அங்கை காத்திருந்திருக்கிறாய். நுனி மட்டும் இஞ்ச வந்தாப்பிறகு வளந்தது. மீன் ஊறக்கூடாதெண்டு குழாயைத் திறந்துவிடுற பழக்கம், ஆளை அடிக்கப் போகேக்கையும் விடேல்லை."

கௌசிகன் ஒரே உதை விட்டான். பனி சிதறியது.

"உதைச்சதும் வீடியோவிலை விழுந்திட்டுதோ, பிள்ளை?"

"ஓம், அண்ணை." இம்மாகுலேற் போனைத் தாழ்த்தவில்லை. "நீங்கள் சொன்னபடி, மட்டை வச்சதிலையிருந்து எல்லாம் விழுந்திருக்கு."

பிறகு கௌசிகனிடம் சொன்னாள்: "என்ரை தம்பி எழும்பி நடக்க ஆறு மாதமாம். நீ நாலு சுவருக்குள்ளை நட."